திண்டுக்கல் மலைகளில் எறும்பு ராணி பார்த்த கதை

2025 மே 17, சனி. நத்தம்

கத்திரி வெயில் முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. சித்திரைத் திருவிழா முடிந்து மதுரையே அலுத்துப்போய்க் கிடக்கும் வாரத்தில், ஊட்டிக்கும் போகாமல் கொடைக்கானலுக்கும் போகாமல் நத்தத்துக்கு எறும்பு பார்க்க வந்திருக்கிறேன். இழுத்து வந்தவன் அக்கா மகன். விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வீட்டு மாடி அறையில் வரிசை வரிசையாக டெஸ்ட் டியூபில் எறும்பு வளர்க்கிறான். கோடை மழை விழுந்தால்தான் ராணி எறும்புகள் புற்றை விட்டு வெளியே வரும், இந்த லீவை விட்டால் அடுத்த வருஷம்தான் என்று அவன் அக்காவைக் கரைக்க, அக்கா என்னைக் கரைக்க, கடைசியில் துணையும் செலவும் என் தலையில்.

முதல் இடம் கரந்தமலை அடிவாரம். 2022 ஆகஸ்ட்டில் பேப்பரில் அடிபட்ட இடம்தான். மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஒன்று பெருகி, ஆடு மாட்டின் கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சுகிறது, தோட்டத்தில் கால் வைக்க முடியவில்லை என்று சுற்றுவட்ட ஊர்க்காரர்கள் புகார் சொன்னார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அனல். செருப்பு வழியாகவே தரை சுட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விசாரித்தோம்.

"இப்ப எப்படிங்கய்யா இருக்கு?"

"முன்ன மாதிரி இல்ல. ஆனா போயிடுச்சுன்னும் சொல்ல முடியாது. நீங்க மருந்தடிக்க வந்தவங்களா?"

"இல்லங்கய்யா, பார்க்க வந்தோம்."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாக்கவா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஆடுகளை விட்டுவிட்டுக் கூடவே வந்து ஒரு தென்னந்தோப்பு ஓரத்தைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று நாலு தடவை கேட்டார். இந்த ஊரில் வெயிலுக்குச் சமமாக உபசாரமும் இருக்கிறது.

காய்ந்து விழுந்த தென்னை மட்டையை அவன் ஒரு குச்சியால் நெம்பித் திருப்பினான். அடியில் மஞ்சள் வெளுப்பில் நீளக் கால்களோடு நூற்றுக்கணக்கில் ஓட்டம். திக்கு திசை இல்லாமல் ஓடுவதால்தான் அந்தப் பெயர். இந்த எறும்புக்குக் கொடுக்கு கிடையாது. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதுதான் வேலை. உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் இதற்கும் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் லட்சக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்று தீர்த்தது இதே எறும்புதான்.

"மாமா, அந்த ஓரத்துல பாருங்க. ஓடாம பம்முது பாருங்க, அதுதான் ராணி."

வேலைக்கார எறும்பு நாலு அல்லது ஐந்து மில்லிமீட்டர். இது அதைப்போல் இரண்டு மடங்கு, நிறமும் கொஞ்சம் கருத்த பழுப்பு. அதே மட்டைக்கு அடியில் இன்னொன்று, தள்ளி மூன்றாவது. ஒரு புற்றுக்கு ஒரு ராணி என்று பள்ளியில் படித்தது இங்கே செல்லாது. இந்த எறும்பில் பல ராணிகள் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் பறந்துபோய்த் தனிக்குடித்தனம் வைக்காது, வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் அடுத்த மட்டையில் பிரிந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஒழிக்க முடிவதில்லை. ஒரு ராணியைக் கொன்றால் மிச்சம் இருக்கிற ராணிகள் முட்டை வைக்கும்.

ராணியை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவனிடம் கேட்டேன். எல்லோரும் அளவைத்தான் பார்க்கிறார்கள், அளவைப் பார்க்கவே கூடாது என்றான். முதுகைப் பார்க்க வேண்டுமாம். வேலைக்கார எறும்புக்குத் தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மார்புப் பகுதி ஒடுங்கி இருக்கும், ஏனென்றால் அது ஒருநாளும் பறக்காது. ராணி வாழ்நாளில் ஒரு தடவையாவது பறக்கப் பிறந்தது. சிறகை அசைக்கும் தசை அத்தனையும் அந்த மார்புக்குள்தான். மூட்டை தூக்குகிறவர் தோள்கணக்காக அந்த இடம் திரண்டு நிற்கும். சிறகு உதிர்ந்த பிறகும் முதுகின் இரண்டு பக்கமும் முறிந்த தழும்பு தெரியும். அப்புறம் நெற்றியில் மூன்று புள்ளி: பெரிய கண்கள் இரண்டும் போக, சின்னதாக மூன்று கண். பெரும்பாலான வேலைக்கார எறும்புகளுக்கு அது கிடையாது. லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தேன். அந்த மூன்று புள்ளி நிஜமாகவே இருந்தது. அதற்குள் வேறு ஐம்பது எறும்பு என் கால்விரல் இடுக்கில்.

இரவு நத்தத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா. ஒன்று 15 ரூபாய், சால்னா கேட்கக் கேட்க ஊற்றினார்கள். சாப்பிடும்போதே அவன் ஆரம்பித்தான். இந்த மஞ்சள் எறும்பின் ஆண்களைப் பற்றி 2023-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்ததாம். இதில் இரண்டு வம்சாவளி உண்டு. ராணிக்கு இரண்டு பக்கமும் ஒரே வம்சம், வேலைக்காரிக்கு இரண்டும் கலந்த கலப்பு. ஆணுக்கு மட்டும் இரண்டும் கலக்காமல், ஒரே உடம்பில் சில செல்கள் ஒரு வம்சம், சில செல்கள் இன்னொரு வம்சம். இப்படி இருந்தே ஆகவேண்டிய நிலை வேறெந்த உயிரினத்திலும் தெரிந்ததில்லை என்றான். பக்கத்து மேஜைக்காரர் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 18, ஞாயிறு. சிறுமலை

பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கீழே திண்டுக்கல்லில் வேர்த்துக் கொட்டியது; மேலே போகப் போகச் சட்டை காய்ந்தது, அப்புறம் குளிரவே ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பைக் பசங்கள் கூட்டம்.

வழியில் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பஞ்சு அடைத்த காலி டெஸ்ட் டியூப்கள். முகம் மாறியது. "இது என்ன தம்பி?" என்று கேட்டார். இவன் ஒளிக்காமல் சொன்னான். அவர் சிரிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "காட்டுக்குள்ள இருந்து இலை தழைகூட எடுத்துட்டு வரக்கூடாது. படம் எடுத்துக்கங்க. எறங்கும்போது பையக் காட்டிட்டுப் போங்க" என்றார். நியாயம்தான். இவனும் காட்டில் எதையும் எடுப்பதில்லை என்று முன்பே முடிவு பண்ணி வந்தவன். நடந்துகொண்டே கென்யா கதையைச் சொன்னான்: ஏப்ரல் மாதம் நைவாஷா ஊரில் பெல்ஜியத்துப் பையன்கள் இரண்டு பேர் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். எல்லாம் பஞ்சு அடைத்த டியூபில், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிற மாதிரி. ஆப்பிரிக்காவின் பெரிய விதை சேகரிக்கும் எறும்பு; ஐரோப்பாவில் வளர்ப்பவர்களிடம் ஒரு ராணிக்கு நல்ல விலை. இந்த மாதம் 7-ஆம் தேதி தீர்ப்பு: ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் ஒரு வருஷம் ஜெயில். நம் கணக்கில் ஆறரை லட்சம் ரூபாய் வரும். எறும்புக்கு!

சிறுமலை வாழைப்பழம் கடையில் தார் தாராகத் தொங்கியது. ஒரு பழம் 10 ரூபாய். தோல் தடித்து, உள்ளே கெட்டியாக, லேசான புளிப்போடு ஒரு இனிப்பு. புவிசார் குறியீடு வாங்கிய பழம். கடைக்கார அக்கா பலாச்சுளை இரண்டைச் சும்மாவே கையில் வைத்தார். தின்றுகொண்டே நின்றபோது, கடைக்குப் பின்னால் உள்ள மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருப்பதாகச் சொன்னார். "பக்கத்துல போகாதீங்க, சட்டைக்குள்ள வுழுந்தா அவுத்துப் போட்டுட்டுதான் ஓடணும்."

அவர் சொன்னது ஒரு மணி நேரத்தில் நடந்தது. எனக்கில்லை, மருமகனுக்கு. மரத்தடியில் காற்றில் அறுந்து விழுந்த இலைக்கூடு ஒன்று கிடந்தது. பச்சை இலைகளைப் புழுவின் பட்டுநூலால் ஒட்டித் தைத்த கூடு. விரிந்த ஓரம் வழியாக உள்ளே பார்த்தவன், "மாமா, பச்சை! பச்சை!" என்று கத்தினான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் காலர் வழியாக ஏறிவிட்டன. முசுறு கடிக்கும், கடித்த புண்ணில் அமிலத்தையும் பீய்ச்சும். சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே அவன் விடாமல் விளக்கினான், அதுதான் வேடிக்கை.

முசுறில் வேலைக்காரிகள் செம்பழுப்பு. ராணியோ பச்சை. புழுங்கிய இலைப் பச்சை, மேலே லேசாகப் பழுப்பு. நீளம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். இன்னும் சிறகு உதிராத இளம் ராணிகள் நாலைந்து அந்தக் கூட்டுக்குள் நின்றன. நல்ல மழை விழுந்திருந்தால் பறந்திருக்கும். கண்ணாடி இழையாகச் சிறகு, அதன் கீழே பருத்த வயிறு. தென்னிந்தியாவில் ஒரே பார்வையில் இனம் வரைக்கும் அடித்துச் சொல்லக்கூடிய ராணி இது ஒன்றுதான் என்பது இவன் கணக்கு. மற்றதெல்லாம் பேரினம் வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு முழுப் பெயர் சொல்கிறவனை நம்பக்கூடாது என்றான். இந்தியாவில் மட்டும் 800-க்கு மேற்பட்ட எறும்பு வகை. அவற்றில் பலவற்றுக்கு ராணி எப்படி இருக்கும் என்ற வர்ணனையே முழுதாக எழுதப்படவில்லை.

சாயங்காலம் ஒரு எலுமிச்சை இலையின் அடியில் தனி ராணி ஒன்று கிடைத்தது. சிறகு இல்லை. வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்ன முட்டைக் குவியல், அதை விட்டு நகரவே இல்லை. இலையைத் தொடாமல் படம் மட்டும் எடுத்தோம். அதே மரத்தில் முசுறு என்று நினைக்க வைக்கும் ஒரு சிலந்தியும் திரிந்தது. முன்னங்கால் இரண்டையும் உயரத் தூக்கி உணர்கொம்பு என்று நம்மை ஏமாற்றுகிறது. கால்களை எண்ணினால் எட்டு.

கடைக்கார அக்காவிடம் ஒடிசாவின் மயூர்பஞ்சில் முசுறைச் சட்னி அரைத்துச் சாப்பிடுகிறார்கள், அதற்கும் 2024-இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள் என்றேன். "அய்யே" என்றார். ஆனால் சளி பிடித்தால் முசுறைக் கசக்கி மோந்து பார்ப்பது அவர் பாட்டி காலத்துப் பழக்கமாம். நாங்களும் மோந்து பார்த்தோம். வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்த நெடி. மூக்கடைப்பு போய்விட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

மே 19, திங்கள். தாண்டிக்குடி

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் பாதை முழுக்கக் காப்பி, மிளகு, இடையிடையே ஆரஞ்சு. தங்கிய வீடு ஒரு தோட்டத்து ஓரம். அறை 1,200 ரூபாய். வெந்நீர் விறகடுப்பில் போட்டு வாளியில் வந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எறும்பு என்றதும் அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. "எந்த எறும்பு?" என்று கேட்டார். இத்தனை தூரத்தில் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் வீடு முழுக்க. மருமகன் செய்த வேலை, ஒரு ராணி கொண்டுவந்தால் அஞ்சு ரூபாய் என்று அறிவித்துவிட்டான். மதியத்துக்குள் தீப்பெட்டிகள் வர ஆரம்பித்தன.

முதல் தீப்பெட்டியில் கட்டெறும்பு. தலை மட்டும் கொழுத்துப் பெருத்தது. "இதுதான் ராஜா" என்றான் கொண்டுவந்த பையன். கட்டெறும்பில் வேலைக்காரிகளே பல அளவில் இருக்கும். பெரியவற்றுக்குத் தலை அகலம். ஆனால் முதுகு ஒல்லி. தள்ளுபடி. அடுத்தது சிறகோடு வந்தது, தலை ரொம்பச் சின்னது, உடம்பு மெலிவு: ஆண் எறும்பு. கல்யாணத்துக்கு வந்து செத்துப்போகிற ஜாதி. அதுவும் தள்ளுபடி. மூன்றாவது தீப்பெட்டியைத் திறக்கும் முன்பே பாட்டி சத்தம் போட்டார். உள்ளே சிவப்பும் கருப்புமாக, உடம்பெல்லாம் மயிரோடு, சிறகில்லாமல் ஒன்று. பார்க்க எறும்பு, உண்மையில் குளவி. இந்த வகையில் பெண் குளவிக்குச் சிறகு கிடையாது, கொடுக்கு மட்டும் பெரிது. "அத வெளிய கொட்டுடா! அன்னைக்கு என்னயக் கொட்டுனது ராத்திரி பூரா தூங்க வுடல" என்றார். பையன் அதை எப்படிக் கொட்டு வாங்காமல் பெட்டிக்குள் போட்டான் என்பது இதுவரை புரியவில்லை.

நாலாவது ஒரு சின்னப் பெண் கொண்டுவந்தது. கருப்பு எறும்பு, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். லென்ஸில் பார்த்தால் முதுகிலும் இடுப்புக் கணுவிலும் வயிற்றிலும் வளைவு வளைவாகக் கோடுகள், யாரோ சீப்பால் இழுத்து விட்டதுபோல் அத்தனை ஒழுங்கு. மருமகன் எழுந்தே நின்றுவிட்டான். "டயகாமா. எங்க பாப்பா புடிச்ச?"

வேலி ஓரம் கூட்டிக்கொண்டு போனது. தரையில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றிக் கோழி இறகுத் துண்டு, காய்ந்த குச்சி, செத்த எறும்புகளின் ஓடு எல்லாம் அடுக்கியிருந்தது. குப்பை என்று நினைத்தேன். இறகு சும்மா கிடக்கவில்லையாம்: விடிகாலையில் அதில் பனித்துளி படியும், எறும்புகள் வந்து குடித்துவிட்டுப் போகும். தண்ணீர் பஞ்சமுள்ள இடத்தில் இந்த எறும்பு இப்படிச் செய்வதை இந்தியாவில்தான் முதலில் கவனித்து எழுதினார்கள்.

"சரி, ராணி எங்கடா?" என்றேன்.

"இதுக்கு ராணியே கெடையாது மாமா."

அப்புறம்தான் விஷயம் வந்தது. டயகாமாவில் ராணி என்று தனியாக ஒரு உருவமே இல்லை. பிறக்கிற ஒவ்வொரு பெண் எறும்புக்கும் முதுகில் சிறகு முளைக்க வேண்டிய இடத்தில் மொட்டுப்போல் ஒரு ஜோடி உண்டு. அதை வைத்திருக்கிறவள்தான் இணை சேர முடியும். பெரும்பாலான டயகாமா வகைகளில் ஒருத்தி அந்த இடத்தைப் பிடித்ததும், புதிதாகப் பிறக்கிறவர்களின் மொட்டைக் கடித்துத் துண்டித்துவிடுவாள். மொட்டு போனவள் அப்புறம் வாழ்நாள் முழுக்க வேலைக்காரிதான். ஆக வெளியே பிடிபட்ட ஒரு டயகாமாவைப் பார்த்து இது ராணியா என்று கேட்பதே வீண். லென்ஸில் அந்த மொட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். பாப்பா பிடித்ததற்கு இல்லை. வந்த தீப்பெட்டிகளிலேயே சிறந்தது என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தோம். மற்ற பிள்ளைகள் இதை ஏற்கவில்லை. ராணி இல்லாததற்கு எப்படி டபுள் காசு என்று சண்டை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. இடி, காற்று, கரண்ட் போனது. பாட்டி கொடுத்த காப்பி தோட்டத்துக் கொட்டையிலேயே வறுத்து அரைத்தது, சிக்கரி இல்லை. கருப்பட்டி போட்டது. அதற்காகவே இன்னொரு தடவை இந்த மலை ஏறுவேன்.

மே 20, செவ்வாய். தாண்டிக்குடி, மழை

பகலெல்லாம் தூறல். தோட்டத்துக்குள் போக முடியவில்லை; போனவுடன் அட்டை ஏறியது. ஜெர்டான் என்ற மதராஸ் ராணுவ டாக்டர் 1851-லேயே தென்னிந்திய எறும்புகளுக்குப் பட்டியல் போட்டவர். அதில் அவர் பெயர் வைத்த தாவும் எறும்பு ஒன்று உண்டு: முழித்த பெரிய கண், முன்னால் நீண்ட தாடை, தொட்டால் எம்பித் தாவும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மருமகன் குடையோடு இரண்டு மணி நேரம் திரிந்தான். கிடைக்கவில்லை. அதில் ராணி செத்தால் வேலைக்காரிகளே தங்களுக்குள் அடித்துக்கொண்டு சிலர் முட்டையிட ஆரம்பித்துவிடுவார்கள், அப்படி மாறும்போது மூளை சுருங்கும், பழைய வேலைக்குத் திரும்பினால் மூளையும் திரும்ப வளரும் என்று ஈரத் துண்டோடு உட்கார்ந்து சொன்னான். முட்டையிடும் பதவிக்கு மூளை தேவையில்லை என்பதை வீட்டுப் பெண்கள் இருந்த அறையில் நான் விமரிசிக்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. வாசல் டியூப் லைட்டைப் போட்டதும் ஈசல் மொய்த்தது. பாட்டி காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி அகல அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி விளக்குக்கு நேர் கீழே வைத்தார். பத்து நிமிஷத்தில் தண்ணீர் தெரியாமல் ஈசல்.

அந்தக் கூட்டத்தில் திடீரென்று ஒன்று வந்து சுவரில் மோதி விழுந்தது. விரல் அளவு நீளம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஈசலுக்கு மும்மடங்கு. மஞ்சள் பழுப்பு, தொத்தல் குளவி மாதிரி, வயிறு மட்டும் நீண்டு உருண்டு கொழுகொழுவென்று. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "ராணி!". மருமகன் சிரித்தான். படையெறும்பு வகையில் டோரைலஸ் என்று ஒன்று, மண்ணுக்கு அடியிலேயே திரிவது. இது அதன் ஆண். வேலைக்காரிகளுக்குக் கண்ணே கிடையாது, ஆணுக்கு மட்டும் இவ்வளவு பெரிய கண். வெளிச்சம் தேடி வந்துவிடும். அதன் ராணிக்கோ சிறகே முளைப்பதில்லை, மண்ணை விட்டு மேலே வரவே வராது. விளக்கடியில் விழுந்த பெரிய சிறகுப் பூச்சியை ராணி என்று தூக்கிக்கொண்டு ஓடுகிற புதுப் பையன்கள் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பாட்டி அன்னக்கூடையை இறக்கித் திண்ணையில் வைத்து ஈசலைப் பொறுக்க ஆரம்பித்தார். சிறகை ஊதித் தள்ளுவது, ஒவ்வொன்றாக எடுப்பது, சிலதை மட்டும் ஒதுக்கி வெளியே போடுவது. எதை ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"இடுப்பு இருந்தா எறும்பு, புளிக்கும். இடுப்பு இல்லாதது ஈசல்."

மருமகன் வாயடைத்துப் போனான். இதே வித்தியாசத்தை அவன் எனக்கு மூன்று பாயிண்டாகச் சொல்லியிருந்தான்: ஈசலுக்கு உணர்கொம்பு நேராக மணி கோத்தது, எறும்புக்கு முழங்கை மடிந்தது; ஈசலின் நாலு சிறகும் ஒரே நீளம், எறும்புக்கு முன்சிறகு பெரிது; ஈசலுக்கு மார்பும் வயிறும் ஒன்றாக ஒட்டியிருக்கும், எறும்புக்கு நடுவில் கணு. பாட்டிக்கு மூன்றாவது ஒன்றே போதும், அதுவும் மங்கலான வெளிச்சத்தில் விரல் தடவிப் பார்த்தே சொல்கிறார். அவர் ஒதுக்கிப்போட்டவற்றை எடுத்து லென்ஸில் பார்த்தான். இரண்டு ராணி, சின்னது. இடுப்பில் ஒரு கணு இல்லை, இரண்டு. அதனால் கட்டெறும்புக் குடும்பம் இல்லை என்பது வரை நிச்சயம். அதற்கு மேல் நோட்டில் கேள்விக்குறி போட்டு மூடிவிட்டான்.

ஈசலை இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் வறுத்து, வறுத்த புழுங்கலரிசியும் உப்பும் மிளகாய்த் தூளும் கலந்து கொடுத்தார். வெதுவெதுப்பாக, வேர்க்கடலை வாசனையோடு, மொறுமொறுப்பு. மூன்று கை தின்றேன். மருமகன் தொடவில்லை. பூச்சி படிப்பவன் அவன்.

மே 21, புதன். தாண்டிக்குடி – திண்டுக்கல்

காலையில் மரம் விழுந்து பாதை அடைபட்டது. வரவேண்டிய பஸ் வரவில்லை, எப்போது வரும் என்று சொல்லவும் ஆள் இல்லை. பதினொரு மணி வரை நின்று பார்த்துவிட்டுப் பட்டர் ஃப்ரூட் ஏற்றிய ஒரு மினி லாரியில் கேட்டோம். டிரைவர் தம்பி முன்னால் இரண்டு பேரையும் நெருக்கி உட்கார வைத்தார். ஆளுக்கு நூறு கொடுத்தபோது ஒரு நூறைத் திருப்பி என் பையிலேயே வைத்தார். தோட்டத்தில் கிலோ 80 ரூபாய்க்கு எடுக்கிறார்களாம். மதுரையில் 200 சொல்கிற பழம். வளைவுக்கு வளைவு ஹாரன், வெளியே பஞ்சுப் பொதியாக மேகம், மடியில் எறும்பு டியூப் பை.

திண்டுக்கல்லில் நாலு மணிக்கு நல்ல மழை, அரை மணி நேரம்தான். ஆறரைக்குத் தெரு ஆவி பறந்தது. சீரகச் சம்பா பிரியாணி 220 ரூபாய்; அதைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடையில் நின்றபோது, கடை விளக்கின் கீழ் ஈரச் சிமென்ட் தரையில் ஒரு கருப்பு எறும்பு கடகடவென்று வட்டமடித்தது. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். இந்தத் தடவை நானே குனிந்து பார்த்தேன்: முதுகு திரண்டு உயர்ந்திருந்தது. ஒரு பக்கம் இரண்டு சிறகும் இருந்தன, மறு பக்கம் இல்லை. பின்னங்காலைத் தூக்கி மிச்சச் சிறகை அழுத்தினாள், உடம்பை முறுக்கினாள், ஒரு சிறகு கழன்று தரையில் ஒட்டியது. நாலைந்து தடவை இழுத்த பிறகு மற்றதும் போனது. அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காமல் சுவர் ஓரம் நடந்தாள்.

டீக்கடைக்காரர், "அண்ணே, அதை மிதிச்சுத் தள்ளிட்டு நில்லுங்க" என்றார். மருமகன் டியூபை நீட்டி வழிமறித்து ஏற்றிக்கொண்டான். நகரத்துத் தெரு, காட்டுச் சொத்து இல்லை. அடிப்பாகத்தில் தண்ணீர், நடுவில் பஞ்சு, வாயில் பஞ்சு. சாப்பாடு போட வேண்டாம் என்றான். கட்டெறும்பு ராணி முதல் பிள்ளைகள் பிறக்கும்வரை எதுவும் தின்னாது. இனி தேவையில்லாத அந்தச் சிறகுத் தசையைத்தான் கரைத்துப் புழுவுக்கு ஊட்டும். இன்றைக்கு ஒரு தடவை சேர்ந்த விந்தை வயிற்றில் பத்திரப்படுத்திக் கடைசிவரை முட்டையிடும். ஐரோப்பாவின் கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று ஆய்வுக்கூடத்தில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

டீக்கடைக்காரர் இப்போது எட்டிப் பார்த்தார். "இது என்ன எறும்புண்ணே?" டீ 15 ரூபாய், அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. மருமகன் லேபிள் எழுதினான்: காம்போனோட்டஸ் (கட்டெறும்பின் பேரினப் பெயர்), தேதி, திண்டுக்கல், மழைக்குப் பின், மாலை ஏழு மணிக்குச் சற்று முன். இனப்பெயருக்கு இடம் விட்டுவிட்டான். இங்கே தெருவில் கிடைக்கிற பெரிய கருப்பு ராணி பெரும்பாலும் கம்ப்ரெஸ்ஸஸ் இனம்தானே, எழுதேன் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். முடியாது என்றான். இதே அளவில் இதே கருப்பில் பக்கத்துச் சொந்தங்கள் உண்டு. பெரிய தலை வேலைக்காரிகள் வந்த பிறகு, ராணியையும் அவர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முதல் பிள்ளைகள் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அவை குட்டையாகத்தான் இருக்கும். பெரிய தலைகள் வர இன்னும் பல மாதம்.

மதுரை பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. டியூபைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தான். கண்டக்டர் அதைப் பார்த்து, "என்னப்பா, பிளட் டெஸ்ட்டா?" என்று கேட்டார்.